எல்யோர் கடித்த ரொட்டி

கோகந்த் நகரத்தில் எல்லோரும் ரொட்டி வாங்கி முடித்திருந்தார்கள். முகத்தஸின் கடையில் மட்டும் யாரும் வாங்கவில்லை.

கூடை நிறைய வெண்ணெய் ரொட்டி அப்படியே இருந்தது. சிறுமி ஒய்தின் அந்த ரொட்டிகளை மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

அவள் அம்மா முகத்தஸ் கடை திறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. முதலில் எல்லோரையும்போல மாவும் தண்ணீரும் உப்பும் போட்டு ரொட்டி சுட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் பழகிய கடை ஏற்கெனவே இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பாலும் வெண்ணெயும் சேர்த்தாள். கொஞ்ச நாள் கூட்டம் அலைமோதியது. புதுசு பழசானதும் கூட்டம் காற்றாய்ப் பறந்துவிட்டது. கடை சீக்கிரமே மூடிவிடும் என்று தெருவெல்லாம் பேச்சு.

"தையல் ஆலையிலேர்ந்து போன் வந்துச்சு. பழைய வேலைக்கு வர்றியான்னு கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்" என்றாள் அம்மா.

"அப்ப நம்ம கடை?"

அம்மா மேஜையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேஜை. ஒய்தினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பக்கத்துத் தெரு ராபியா பெரியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"முகத்தஸ், ரொட்டி இருக்கா? எல்யோர் இன்னிக்குப் பட்டாளத்துக்குக் கிளம்பறான். வழியனுப்ப வந்த சொந்தக்காரங்க வீட்டுல ஒரு துண்டு மிச்சம் வைக்கலே! என் பிள்ளை கடிச்சுட்டுப் போக ரொட்டி இல்லே! எங்க கடைக்காரரும் இன்னிக்குப் பார்த்துப் பூட்டிட்டுப் போயிட்டார்!"

பட்டாளத்துக்குப் போகிற பிள்ளை ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் போவான். மீதியை அம்மா சுவரில் மாட்டி வைப்பாள். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்று முடிக்க வேண்டும். கடிக்காமல் அனுப்பிவிட்டால் எந்த அம்மாவுக்கும் தூக்கம் வராது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. இருப்பதிலேயே பெரிய ரொட்டியாக எடுத்து நீட்டினாள்.

"குடுக்காதேம்மா!" என்று கத்தினாள் ஒய்தின்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுல பாலும் வெண்ணெயும் இருக்கு. சுவத்துல மாட்டினா பத்து நாள்கூடத் தாங்காது, பூஞ்சை பிடிச்சுடும். அண்ணன் வர ஒரு வருஷம் ஆகுமே!"

"பூஞ்சையா? என் பிள்ளை கிளம்பற நேரத்துல என்னடி பேச்சு இது?" ராபியா பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அம்மா ஒய்தினின் காதோரம் குனிந்தாள். "வந்த ஒரே ஆளையும் விரட்டறியேடி!"

"ராத்திரி சாப்பாட்டுக்கு வெறும் மாவு பிசைஞ்சு வச்சிருக்கியே, அதைச் சுட்டுத் தரலாம்மா. அது காய்ஞ்சு எத்தனை நாளும் இருக்கும். பெரியம்மா, நீங்க அண்ணனோட ஸ்டேஷனுக்குப் போங்க. நான் கொண்டு வர்றேன்."

"ரயில் கிளம்பிடுச்சுன்னா?"

"அதுக்குள்ள வந்துடுவேன்!"

ராபியா பெரியம்மா பாதி நம்பி, பாதி நம்பாமல் ஓடினாள்.

அடுப்பில் நெருப்பு அடங்கிப்போயிருந்தது. ஒய்தின் பருத்திமார்க் குச்சிகளை அள்ளிப் போட்டு ஊதினாள். புகை கண்ணைக் கரித்தது. அம்மா மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் பூ அச்சைக் குத்தி, தந்தூர் அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டினாள். இருந்த மாவு அந்த ஒரு ரொட்டிக்குத்தான். சாம்பலில் விழுந்தால் வேறு கிடையாது.

சுவரில் சூடு போதவில்லை. ரொட்டியின் மேல் ஓரம் மெல்லப் பிரிந்தது.

"அம்மா, விழுது!"

அம்மா தோள்வரை கையை உள்ளே விட்டு அழுத்திப் பிடித்தாள். கையில் முடி பொசுங்கும் வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் ஓரம் மறுபடி ஒட்டிக்கொண்டது. ரொட்டி உப்பிச் சிவந்தது.

சுடச்சுட அதைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒய்தின் ஓடினாள். ஸ்டேஷன் வாசலை நெருங்கும்போதே ரயில் ஊதிவிட்டது.

"எல்யோர் அண்ணா!"

மொட்டைத் தலையோடு எல்யோர் ரயில் படியில் நின்றிருந்தான். ஒய்தின் கூட்டத்துக்குள் புகுந்து ஓடி ரொட்டியை நீட்டினாள். அவன் குனிந்து ஒரு பெரிய வாயாகக் கடித்தான்.

"ஆ! சுடுது, சுடுது!"

அவன் கண்ணில் நீர் வழிந்தது. அழுகையா, சூடா என்று யாரும் கேட்கவில்லை. ரயில் நகர்ந்தது.

"தங்கச்சி!" வாயில் ரொட்டியோடு அவன் கத்தினான். "கடையை மூடிடாதீங்க! நான் வந்து அந்தக் காய்ஞ்ச ரொட்டியைத் தின்னணும்னா, கூடவே ஒரு சூடான ரொட்டி வேணும்!"

ராபியா பெரியம்மா ரொட்டியை வாங்கி முத்தமிட்டாள். பிறகு சொந்தக்காரர்களைப் பார்த்து, "வெண்ணெய் ரொட்டி மாட்டி வச்சா கெட்டுப்போகும், விக்க மாட்டேன்னு எனக்குச் சொன்ன கடைக்காரி இவதான். இனிமே எங்க வீட்டு ரொட்டி இவ கடையிலதான்!" என்றாள்.

குண்டு மாமா ஒருவர் ஒய்தினிடம் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அந்த வெண்ணெய் ரொட்டியை மாட்டி வைக்கத்தானே கூடாது? தின்னலாமில்லே?"

"இன்னிக்கே தின்னணும் மாமா!"

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கடைக்கு வந்தார்கள். கூடை காலியாவதற்குள் ஒய்தின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். எல்யோர் கத்தியதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அம்மா கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள். பிறகு ஆலைக்குப் போன் போட்டாள்.

"மன்னிச்சுக்குங்க, என்னால வேலைக்கு வர முடியாது. ஒரு பையன் பட்டாளத்துலேர்ந்து வர்றப்ப கடை திறந்திருக்கணும்."

"உனக்குப் பொண்ணு மட்டும்தானே? பையன் எப்போ பொறந்தான்?" என்று மேலாளர் கேட்டது ஒய்தினுக்கும் கேட்டது.