லெத்ராஸ் உச்சியில் காணாமற்போன பை

காலை ஒன்பது பத்து. லெத்ராஸ் மலை உச்சியில் ஃபாபியோலாவின் கடை வாசலில் கில்டார்தோவின் குரல் உயர்ந்தது.

"எவேலியோவோட பையக் காணோம். எவனோ தூக்கிட்டான்."

உள்ளே சூடான வெல்லத்தண்ணீரில் பாலாடைக்கட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்த அம்பாரோ கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தார். நெடுஞ்சாலைப் போலீசில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் கில்டார்தோவும் எவேலியோவும் வாலிப வயதிலிருந்து வண்டியோட்டிகளின் காவலான கார்மேல் மாதாவின் ஒவ்வொரு திருநாளிலும் மோட்டார் சைக்கிளில் இந்த மலையேறி, வண்டிக்குக் கோயிலில் ஆசி வாங்க மனிசாலஸ் நகருக்குப் போவார்கள். எவேலியோவின் டேங்க் மேல், அடியில் காந்தம் வைத்த ஒரு கறுப்புப் பை ஒட்டியிருக்கும். உள்ளே உள்ளங்கை அளவு மர மாதா சிலை. "மாதா முன்னால, நான் பின்னால" என்பார் எவேலியோ. வளைவுகளில் அவர் பாடிக்கொண்டே சாய்வது இன்னும் அம்பாரோவின் கண்ணில் நின்றது.

போன வருடம் அவர் இறந்துவிட்டார். இந்த வருடம் அவர் மனைவி லிகியா அந்தப் பையைக் கில்டார்தோவிடம் கொடுத்துவிட்டு, மனிசாலஸ் கோயிலில் காத்திருக்கிறார்.

சுவரோரம் ஒரு மனிதரைச் சுற்றிக் கூட்டம். வெனிசுவேலாவிலிருந்து நடந்தே வந்த தச்சர் யோர்மான். அவருடைய மூட்டை கொட்டிக் கிடந்தது. ஒரு போர்வை, ஓர் இழைப்புளி, ஒரு சிறுமியின் படம். பை இல்லை.

"வண்டிகிட்ட இந்த ஆள் நின்னத நான் பாத்தேன்கா" என்றாள் ஃபாபியோலா.

"இஞ்சின் சூட்டுல கை காயவச்சேன்மா" என்றார் யோர்மான். "குளிரு தாங்கல."

"எங்கயோ ஒளிச்சிட்டான். போலீசுக்குச் சொல்லியாச்சு" என்றான் ஒருவன். "எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவாங்க."

யோர்மான் படத்தை மட்டும் எடுத்துத் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்பாரோ கில்டார்தோவின் வண்டியிடம் போனார். ஈஸ்டருக்கு வாங்கிய பந்தய வகை வண்டி. பாதி வழியில் மண் சரிந்த இடத்தைத் தாண்டியதன் மஞ்சள் சேறு டேங்கிலிருந்து பின்சீட்டு வரை பொட்டுப் பொட்டாக, இடைவெளியே இல்லாமல் தெறித்திருந்தது. பின்பக்கக் கால்மிதியில் ஓர் இரும்புக் கொக்கி, அறுந்த ரப்பரோடு தொங்கியது.

"பை எங்க இருந்துச்சு?"

"டேங்க் மேலதான்."

"இங்க வந்து நிறுத்தும்போதும்?"

"ஆமா. என்னையே எதுக்குக் குடையுற?"

"பழக்கம். உனக்கே ரெண்டு தடவ அபராதம் போட்டவ நான்."

கடைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மை ஒன்றை எடுத்துவந்து, அம்பாரோ டேங்கில் வைத்தார். அது வழுக்கித் தரையில் விழுந்தது. கில்டார்தோவின் முகம் வெளுத்தது. அம்பாரோ அவரைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"எடுத்தவன் யாருமில்ல, கில்டார்தோ. தொலைச்சவன் நீ. உன் டேங்குக்கு மேல்மூடி பிளாஸ்டிக்கு, காந்தம் பிடிக்கல. அதனால பின்சீட்டுல ரப்பர் கயித்துல கட்டுன. கொக்கி இன்னும் தொங்குது."

"வழியில விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்ற? இங்க கழட்டியிருக்கலாமே."

"பை இருந்திருந்தா அதுக்கு அடியில சேறு பட்டிருக்காது. டேங்கும் சீட்டும் முழுக்கச் சேறு. மண்சரிவுக்கு முன்னாலேயே விழுந்துடுச்சு."

கில்டார்தோ ஒரு கல்லில் உட்கார்ந்தார். "ரப்பர் கயித்துல கட்டுனா ரோட்டுக்குக் கொடுத்த மாதிரின்னு எவேலியோ எத்தன தடவ சொல்லியிருப்பான். திருடு போச்சுன்னா லிகியா தாங்கிக்குவா. தொலைச்சுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அதுக்கு ஒரு வழிப்போக்கன் ஜெயிலுக்குப் போகணுமா? நான் சொல்லலாம். ஆனா நீயே சொன்னா உன் மனசு ஆறும்."

கில்டார்தோவே சொன்னார். எல்லார் முன்னாலும், தலையைக் குனிந்துகொண்டு. ஒருவன் போலீசை வரவேண்டாமென்று சொல்ல போனை எடுத்தான். ஃபாபியோலா போர்வையை மடித்து மூட்டையில் வைத்து, சூடாக ஒரு கோப்பை வெல்லத்தண்ணீரை யோர்மானிடம் நீட்டினாள்.

"இனி அதை எங்க தேடுறது?" என்றார் கில்டார்தோ.

"மண்சரிவுக்குக் கீழ ரோட்டோரமா மாதா கெபி, அந்தச் சின்னக் குகைக்கோயில் இருக்குல்ல? லாரிக்காரங்க பழைய ஹெட்லைட்டக் காணிக்க வைக்கிற இடம். திருநாளும் அதுவுமா ரோட்டுல மாதாவக் கண்டெடுக்குறவன் வீட்டுக்கா கொண்டு போவான்?"

இருவரும் இறங்கிப் போனார்கள். கண்ணாடி விளக்குகளுக்கு நடுவே, ஓரம் கிழிந்த கறுப்புப் பை. அதன்மேல் மர மாதா. முகந்தெரியாத யாரோ முன்னால் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவைத்திருந்தார். கில்டார்தோ மண்டியிட்டு வெகுநேரம் எழவில்லை.

பத்தரைக்குத் திரும்பினார்கள். கில்டார்தோ தன் முதுகுப்பையைக் கழற்றி ஃபாபியோலாவிடம் கொடுத்தார். "சாயங்காலம் வாங்கிக்கிறேன். உன் வீட்டுக்காரர் ஹெல்மெட்டக் கொஞ்சம் குடு." பிறகு யோர்மானிடம் போனார்.

"தம்பி, மன்னிச்சுடுங்க. பின்சீட்டு காலியாத்தான் இருக்கு. மனிசாலஸ் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்."

யோர்மான் வண்டியைப் பார்த்தார்.

"மாதாவ எங்க வைப்பீங்க? இதுலதான் ஒட்டாதே."

கில்டார்தோ கறுப்புப் பையை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார்.

"நீங்கதான் பிடிச்சுக்கணும்."