வலப்பக்கம் நகர்ந்த கோடு

பொய் சொல்கிறவர் இவ்வளவு மோசமாகவா சொல்வார்? பரிசோதனைப் பொறியாளர் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். எதிரே நின்ற ஃபிட்டருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காலை 9:10. அறையின் சுவர் வெப்பமானி முப்பதில் சோம்பிக் கிடந்தது.

நேற்றுச் சோதித்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இனி தேறாது என்று மேலாளர் எழுதியிருந்தார். காற்றை உலர்த்தும் மணிகளை ஃபிட்டர் கவனிக்காததால் உள்ளே எண்ணெயில் ஊறியிருக்கும் மின்காப்புக் காகிதம் ஈரம் குடித்துவிட்டதாம். அவள் கையெழுத்துப் போட்டால் ஃபிட்டருக்கு வேலை போய்விடும்.

"அண்ணே, ஈரம்னா மணி நிறம் மாறுமே. நீலமாத்தானே இருக்கு?"

"மூணு மாசமா அதே மணிதாம்மா."

"காலையில மாத்தியிருப்பான்," என்றார் மேலாளர். "பால் குடிச்ச பூனை மாதிரி நிக்கிறான் பாருங்க."

"சோதிச்சது யாரு, சார்?"

"நானேதான். காப்புல மின் இழப்பு போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு."

"எப்போ?"

"நேத்து காலையில பத்து மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர நிறுத்தினோம். பத்து நாப்பதுக்கு ஆரம்பிச்சேன்."

"எண்ணெயோட சூடு?"

"முப்பது. தாள்லயே இருக்கே."

மேலாளர் பார்த்தது வழக்கமான மின் அதிர்வெண்ணில் வந்த ஒற்றை எண்ணை. கருவியோ, மிக மெதுவான அதிர்விலிருந்து வேகமானது வரை இழப்பை ஒரு முழுக் கோடாகப் பதிந்து வைத்திருந்தது.

9:40. போன வருடக் கோட்டை மெல்லிய தாளில் பிரதியெடுத்து, நேற்றையதன்மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தாள். பொருந்தவில்லை. மேல்தாளை வலப்பக்கம் தள்ளினாள். ஒரு விரல் தூரம். இரண்டும் ஒன்றாயின.

"ஈரம்னா கோட்டோட உருவமே கெட்டுப்போகும், சார். மெதுவான பக்கத்து நுனி தனியாத் தூக்கும். இங்க உருவம் அப்படியே இருக்கு, மொத்தமா நகர்ந்திருக்கு. இது சூடு செய்யிற வேலை. அத்தனை எண்ணெய் நாப்பது நிமிஷத்துல ஆறுமா? நீங்க எழுதினது எண்ணெயோட சூடு இல்ல, இந்தச் சுவத்தோட சூடு."

மேலாளர் வெப்பமானியைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர்போல இருந்தார்.

"அப்ப அது பொழைச்சுக்குமாம்மா?" என்றார் ஃபிட்டர். தன்னைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

"அதுக்கு ஒண்ணுமில்ல, அண்ணே. இப்ப ஆறியிருக்கும். எண்ணெய் வெப்பமானியப் பார்த்துச் சொல்லுங்க. மறுபடி அளந்துடுவோம்."

அவர் ஏறக்குறைய ஓடினார்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "'லேசான ஈரம்'னு ஒரு வரி போட்டுடும்மா. அவன் வேலையும் போகாது, என் மானமும் தப்பிக்கும்."

ஒரு வரிதானே என்று அவளும் ஒரு கணம் நினைத்தாள். வெளியே ஃபிட்டர் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது.

"அது மட்டும் வேண்டாம், சார்," என்று பேனாவை மூடி வைத்தாள்.