பெயரில்லாத வட்டம்

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூவர்: செல்லசாமி, கால் உடைந்து பின்னறைக் கட்டிலில் கிடந்த அவர் மகன் ஜீவராஜ், தான் எழுதும் புத்தகத்துக்காகப் பழைய ரயில் வரைபடத்தைப் பார்க்க நுவரெலியாவிலிருந்து வந்த நிரஞ்சன். வேறு யாரும் இல்லை.

கேஸ் அடுப்பு மட்டுமே எரியும் வீட்டில் காலையிலிருந்து நிலக்கரிப் புகை நாறியது. செல்லசாமி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விருந்தாளியிடம் வீட்டுக் குறையைச் சொல்லும் குடும்பம் அல்ல அது.

சுவரில் தொங்கிய துணிப்படம் அவருடைய தாத்தா மூக்கன் கங்காணி வரைந்தது. ஒரு காலத்தில் ராகலைக்கு ஓடி, பிறகு தண்டவாளத்தோடு எடுக்கப்பட்ட சின்ன ரயிலின் பாதை. மலையைச் சுற்றும் வளைவுகளையெல்லாம் நிமிர்த்தி ஒரே கோடாக்கியிருந்தார். நிலையங்கள் கறுப்புப் புள்ளிகள். ஓரிடத்தில் மட்டும் பெயரில்லாத வெற்று வட்டம்.

"இது எந்த ஸ்டேஷன், ஐயா?" நிரஞ்சன் போனில் படம் எடுத்தபடி கேட்டான்.

"மை விட்டுப்போச்சு, தம்பி."

திறந்த கதவு வழியே பின்னறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஜீவராஜ் சிரித்தான். "ஏம்ப்பா பொய் சொல்றீங்க? அது நம்ம வீடு நிக்கிற எடம். ஒங்க தாத்தா அடைமழையில ஆளுங்கள தண்டவாள வேலைக்கு எறக்கி, மல சரிஞ்சு பதினோரு பேரு மண்ணுக்குள்ள போனாங்க. அதுக்கப்புறம் எல்லா ரயிலும் இங்க நின்னு தேங்கா ஒடைச்சிட்டுத்தான் போகும். நிக்கச் சொல்ற வட்டம் அது!"

"இதையும் புத்தகத்துல போட்டுருவோம், ஐயா."

"எங்க மானத்தையா?"

செல்லசாமி தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, அதன் முனையால் வட்டத்தைச் சுரண்டத் தொடங்கினார். வெளியே மூடுபனி தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கி முற்றத்துக்கு ஏறிவர, அதற்குள் எங்கோ ஈர இரும்பு இரும்பில் உரசும் ஓசை மெல்ல மெல்ல நெருங்கியது. கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தரை அதிர்ந்தது.

நிரஞ்சன் அவர் கையைப் பிடித்தான். முழங்கையால் அவன் வாயில் இடித்தார். பல் தெறித்தது. ரத்தம் அவர் சட்டையில் பீய்ச்சியடித்தது.

"அப்பா, வட்டத்த விடுங்க! என்னால எந்திரிக்க முடியல!"

அவருக்குக் கேட்டது. புரியவும் செய்தது. இன்னும் ஒரே கீறல். பிறகு இந்தக் குடும்பத்தைப் பற்றி எவனும் பேச மாட்டான்.

கீறினார்.

ஊதல். மிக அருகில்.

வேகம் குறையவில்லை.

அது பின்னறையின் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவரில் வெளியேறியது. சுவர்களில் கீறல்கூட இல்லை.

மகனை அவரே வெட்டிவிட்டார் என்று ராகலைக் கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கத்தி வரைபடத்தில் குத்தி நின்றது. ஜீவராஜ் கட்டிலோடு மூன்று துண்டாகக் கிடந்தான். இரு வெட்டுகளுக்கும் இடையே இரண்டரை அடி. சின்ன ரயிலின் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் அது.