வெறும் வயிறு

இன்சுலின் ஊசி போட்டு அரை மணி நேரமாகியும் நாகப்பனுக்குச் சோறு வரவில்லை. சாப்பாட்டு வண்டி அவர் கட்டிலருகே நிற்காமல், சாம்பார் வாசனையை மட்டும் விட்டுவிட்டு, சக்கரம் கிறீச்சிட அடுத்த கட்டிலுக்குப் போயிற்று.

"சர்க்கரை ஊசி போட்டாச்சும்மா. ஒடனே சாப்பிடணும், சோறு வையி."

"சாயங்காலம் காலுக்கு ஆபரேஷன். வெறும் வயித்துல இருக்கணும்னு சீட்டுல போட்டுக்கீது," என்றாள் வண்டிக்காரி. ஊசி போட்ட நர்ஸ் அந்தச் சீட்டைப் பார்க்கவேயில்லை.

பழவேற்காட்டு ஏரியில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும்போது சிப்பி கிழித்த கால் அது. சீழ் வைத்துக் காய்ச்சலில் கொண்டுவந்து விட்டிருந்தது.

முதலில் விரல் நடுங்கியது. பிறகு மின்விசிறியின் கடகடப்பு காதுக்குள் இறங்கி, ஃபினாயில் நெடியில் ஏரிச்சேற்றின் வாடை கலந்து, ஜன்னல் நிழல் கட்டில்காலைப் பிடித்து மெத்தைமேல் ஊர்ந்து ஏறுவதுபோல் இருந்தது. பட்டப்பகலில் வார்டு இருண்டது.

ஊசி ரத்தத்துச் சர்க்கரையை இறக்கிவிட்டது; வாயில் சர்க்கரை வேண்டும். அவருக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தார்.

"சிப்பி" என்று வந்தது.

"சிப்பிதான்யா கீச்சிச்சு. அத்தயே நெனைக்காத," என்றாள் மனைவி கஸ்தூரியம்மாள்.

"சிப்பி! சிப்பி!" கையை வீசினார். தண்ணீர் பாட்டில் உருண்டது. வார்டு ஆள் ஓடிவந்தான்.

"குடிப்பாரா?"

"எப்பனா..."

"அதான். ரெண்டு நாளா இல்லாம கை ஒதறுது."

இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினான்.

கஸ்தூரியம்மாள் டீ வாங்கி வந்தாள். ஆவி அவர் மூக்கில் பட்டது. இனிப்பு வாசனை. உதடு தானே பிளந்தது.

"ஒரு வாய் குடிக்கிறியா? ஐயோ, கூடாதுல்ல." டம்ளரை இழுத்துக்கொண்டு தானே குடித்தாள்.

வேர்வை தலையணையை நனைத்தது. அவள் நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

"காய்ச்சல் எறங்கிடுச்சு!" முகம் மலர்ந்தாள். "நாலு நாளா தூங்கலயே, தூங்குய்யா."

வெயில் படாமலிருக்க அவர் முகத்தில் துண்டைப் போர்த்தினாள்.

உள்ளே கண் திறந்திருந்தது. வெள்ளைத் துணி. மூச்சு. துணி. நாக்கு அசையவில்லை. பெயர் மறந்துவிட்டது. அவளுடையது. பிறகு தன்னுடையதும்.

உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மணிக்கட்டுக் கட்டு இறுகியது.

"கனா காண்றாரு," என்றாள் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்தவளிடம், குரலைத் தாழ்த்தி. "சத்தம் போடாதீங்க."

துண்டு ஏறி இறங்கியது. ஏறியது. இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

கஸ்தூரியம்மாள் அவர் நெஞ்சில் கையை வைத்து, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தாள்.