இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்வு

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்த நேரத்தில் அவள் தன் பழைய காரைத் தம்பியின் பட்டறைக்குள் ஓட்டி வந்தாள். முன்சக்கரத்துப் பக்கம் 'டொக், டொக்' என்று அடித்தது.

"மறுபடியும் இடப்பக்கமா?" தம்பி குனிந்து பார்த்தான். "மூணு மாசத்துல மூணாவது ரப்பர் புஷ், அக்கா. இத வித்துத் தொலையேன்."

"நேத்து வாய்க்கால் வளைவுல ஸ்டியரிங்க யாரோ வெடுக்குனு இழுத்த மாதிரி இருந்துச்சு. தண்ணிக்கு ஒரு முழந்தான் பாக்கி. ஆனா விக்கமாட்டேன். பதினாறு வருஷம் சாவியக் கண்ணுல காட்டாத மனுஷன் போன பிறகு என் கைக்கு வந்த வண்டி."

அந்த மனுஷன் அவள் கணவர். தன் கால் உடைந்த பிறகுதான் அவளை ஓட்டவிட்டார். பக்கத்து இருக்கையில் சிகரெட்டும் கையுமாக இருந்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார், திட்டுவார். ஒருநாள் திட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த இருக்கையிலேயே போய்ச் சேர்ந்தார்.

தம்பி கிழிந்த புஷ்களைத் தட்டி எடுத்தான். இம்முறை ஜீப்புக்குப் போடும் கெட்டி ரப்பர். போல்ட்டை லேசாகத் திருகிவிட்டு, காரை ஜாக்கியிலிருந்து தரையில் இறக்கி, அடியில் நின்று வேலை செய்யும் குழிக்கு மேல் தள்ளி நிறுத்தினான். வண்டியின் கனம் சக்கரத்தில் விழுந்த பிறகுதான் இறுக்கி முறுக்க வேண்டும். தொங்கும் சக்கரத்தில் முறுக்கினால் ரப்பர் விறைத்து நின்று சீக்கிரம் கிழியும்.

குழிக்குள் இறங்கினான்.

மேலே இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"அக்கா, உள்ள உக்காராத."

"நான் வாசல்ல நிக்கிறேன்டா."

சிகரெட் வாடை குழிக்குள் இறங்கியது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தம்பி ஒரே தாவலில் வெளியே வந்து விழுந்தான். "மாமா..."

அவள் காரின் முன்னால் குந்தி விரல் வைத்து அளந்தாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே வலப்பக்கம் நான்கு விரல். இடப்பக்கம் இரண்டு.

"போன ரெண்டு தடவையும் இப்படி எறக்கி வச்சுத்தான் முறுக்குனியா?"

"அதுதானேக்கா முறை."

"நல்ல முறை! அவர் உக்காந்திருக்கையில முறுக்கி, தையக்காரன் மாதிரி அவர் ஒடம்புக்கு அளவெடுத்துக் குடுத்திருக்க. ஜாக்கியில ஏத்து. தொங்கவிட்டே முறுக்குவோம்."

"கிழிஞ்சிடும்க்கா."

"கிழிஞ்சா மாத்துறேன். அதுவரைக்கும் உக்கார்றவர எத்தித் தள்ளட்டும்."

தம்பி ஜாக்கியில் ஏற்றினான். அவன் கையிலிருந்த ஸ்பானரை அவளே பிடுங்கிக்கொண்டாள். முறுக்க முறுக்க, மேலே டாஷ்போர்டில் உள்ளங்கை அறைந்தது.

ஒன்று.

இரண்டு.

"அடிங்க, நல்லா அடிங்க. எனக்கு வேல கெடக்கு."

காரை இறக்கினார்கள். இடமும் வலமும் நான்கு விரல்.

பின்பக்க இடது டயரின் மேல் வண்டி மெதுவாக அமுங்கியது. இரண்டு விரல்.

தம்பி இரண்டடி பின்வாங்கினான். அவள் கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து, கண்ணாடியில் காலிப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"பின்னாடியா? இருந்துட்டுப் போ. அங்கேருந்து கை எட்டாது."

திரும்பும் வழியில், வாய்க்கால் வளைவில் ஸ்டியரிங் நூல் பிடித்தாற்போல் நின்றது. வளைவு தாண்டியதும் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"எறங்கணும்னா சொல்லு, நிறுத்துறேன்," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பின்சீட்டின் இடப்பக்கக் கண்ணாடிக் கைப்பிடி தானாகச் சுழன்றது. சாம்பல் தட்டும் அளவுக்குக் கண்ணாடி இறங்கி நின்றது.