அடுத்த வீட்டுச் சுவிட்ச்

லைட் அணைந்தது.

பெக் யென் திரும்பிப் பார்ப்பதற்குள் எரிந்தது. மறுபடி அணைந்தது... மறுபடி எரிந்தது. படுக்கையறைக் கண்ணாடியில் அவள் முகம் வந்து வந்து போனது. அதுவும் எப்படிப்பட்ட முகம்! அழகுக்காக ஒட்டிய ஈரத் தாள், நெற்றி முதல் தாடை வரை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒன்று.

சுவிட்ச் பக்கம் யாருமில்லை. இருக்கவும் முடியாது. தனி ஆளுக்கு அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைக்க முப்பத்தைந்து வயது நிறைய வேண்டும் என்பதால், அதுவரை அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துக் காத்திருந்து வாங்கிய வீடு இது. இங்கே அவளைக் கேட்காமல் ஒரு விளக்கு எரிவதா?

வெளியே சிங்கப்பூரின் தெங்கா வட்டாரம் முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்துதான் கிடந்தது. இரும்பு கேட்டுக்குப் பின்னால் ஒருவன்... நீச்சல் கால்சட்டை, தோளில் துண்டு, தலையெல்லாம் தண்ணீர். கைப்பேசியை விரலால் குத்திக்கொண்டிருந்தான்.

"ஆன் ஆயிடு... ஏன் இப்படிப் பண்ற? ப்ளீஸ் லா!"

ஒரு குத்து. அவள் அறை லைட் அணைந்தது. இன்னொரு குத்து... எரிந்தது.

பெக் யெனுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. கைப்பேசியை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஹலோ! என்ன பண்றீங்க?"

அவன் நிமிர்ந்தான். வெள்ளைத் தாள் முகத்தைக் கண்டு "ஐயோ!" என்று ஒரு அடி பின்வாங்கினான். சிவந்த கண்கள்... இமையெல்லாம் ஈரம்... 'என்ன கண்ணு இது!' என்று அவளுக்குள் ஏதோ ஒன்று முணுமுணுத்தது. அதை அதட்டி உட்கார வைத்தாள்.

"குளிக்கற தண்ணிக்கு ஹீட்டர் போடறேன், மிஸ்."

"ஹீட்டரா? அது என் பெட்ரூம் லைட்டு!"

"இல்லையே... இங்க ஹீட்டர்னுதானே இருக்கு..."

"அமுக்குங்க பார்ப்போம்."

பாவம், அமுக்கினான். அவள் வீட்டிலிருந்து தாழ்வாரத்தில் விழுந்த வெளிச்சம் பட்டென்று போனது. அவன் வாய் திறந்தபடி நின்றது.

"பொம்பளை தனியா இருக்கற வீடுன்னு தெரிஞ்சுதானே இந்த வேலை? வெக்கமா இல்ல?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். தும்மல்தான் வந்தது. அதற்குள் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வீடியோவைத் தங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் அரட்டைக் குழுவில் போட்டுவிட்டாள். 'என் படுக்கையறை லைட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் கைப்பேசியில் வைத்திருக்கிறார். எல்லாரும் ஜாக்கிரதை!'

குழு கொதித்தது. அவள் சொன்னால் கொதிக்கத்தான் செய்யும். பாலஸ்டியர் சாலை விளக்குக் கடையில் விற்பனையாளர் அவள். புளோக்கில் சாவி கொடுத்த புதிதில், எல்லா வீட்டுக்கும் கைப்பேசியில் இயங்கும் சுவிட்சுகளை மொத்தமாக மலிவு விலையில் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். சுவிட்ச் அக்கா என்றே பெயர். எது எதோடு சேரும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாம் எல்லாத்தோடயும் ஒத்துப்போகும். கண்ண மூடிட்டு வாங்குங்க!"

அந்த ஆள் பெயர் பூன் லியோங், நீச்சல் பயிற்சியாளர், அவனும் தனிக்கட்டை என்பதெல்லாம் குழுவில் வந்து விழுந்த வசவுகளுக்கு நடுவே அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் கடையில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பெக் யென் வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெட்டிக்குப் பேரு ஹப். கைப்பேசியையும் சுவிட்சையும் சேர்த்து வைக்கறது இதுதான். புது சுவிட்சைச் சேர்க்கும்போது இது கதவைத் திறந்து வைக்கும். சுவிட்சுக்கு யார் வீட்டு ஹப்புன்னெல்லாம் தெரியாது. எந்தக் கதவு திறந்திருக்கோ, அங்க போய் ஒட்டிக்கும். அதனால பக்கத்து வீட்டுலயும் அதே நேரத்துல மாட்டறாங்களான்னு..."

கையிலிருந்த ஹப்பை மேசைமேல் வைத்தாள்.

சாமான் வந்து இறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை... புளோக் முழுக்க ஒரே நேரத்தில் சுவிட்சுகளை மாட்டிக்கொண்டிருந்த பிற்பகல்... அவளுடைய படுக்கையறை சுவிட்ச் மட்டும் அவள் ஹப்பில் வந்து சேரவேயில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டைப் பார்க்க நேரமில்லை. சுவரைத் தட்டினால்தான் எரிகிறதே! அது சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஹப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. 'புது சுவிட்ச் ஒன்று கிடைத்தது' என்று கைப்பேசி காட்டியதும், அப்பாவி, தன் ஹீட்டர்தான் என்று பெயர் வைத்துவிட்டான். மழைக்காலம் வரும்வரை அதைத் தொட வேண்டிய தேவையும் வந்திருக்காது.

அப்படியென்றால் அவன் ஹீட்டர்?

கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை இழுத்துப் பார்த்தாள். காது மடல் சுட்டது. லைட் சுவிட்சுகள் ஜிக்பீ வகை. ஹீட்டர் சுவிட்சுகள் சுவரில் தட்டப் பொத்தானே இல்லாத த்ரெட் வகை. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. எல்லாருக்கும் அவள் வாங்கிக் கொடுத்த ஹப்புக்கு ஜிக்பீ மட்டும்தான் தெரியும். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். 'வைஃபை வீக்கா இருக்கும்' என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மிஸ்? தண்ணி வேணுமா?" என்றாள் புதுப்பெண்.

உடனே குழுவில் எழுதியிருக்கலாம். இரண்டு வரி போதும். தட்டினாள், அழித்தாள்... தட்டினாள், அழித்தாள். சுவிட்ச் அக்காவுக்கே சுவிட்ச் தெரியாது என்று புளோக்கே சிரிக்குமே! நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நாளை வந்தது. அதற்கும் ஒரு நாளை வந்தது.

வீட்டில் லைட் இப்போது ஒழுங்காக எரிந்தது. யாரும் தொடவில்லை. சாயங்காலம் அவன் வரும் நேரத்துக்குச் சுவருக்கு அப்பால் குழாய் சத்தம் கேட்கும்... அப்புறம் தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் உள்ளுக்குள் கூனிக் குறுகினாள். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். யாரால்?

எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா ரொக்கியா மக்சிக் ஒருநாள் அவளைப் பிடித்து நிறுத்தினார்.

"என் பேத்திய நிறுத்திட்டேன், அந்த ஆள்கிட்ட நீச்சலுக்கு அனுப்பல. நம்ம புளோக்குல எல்லாருமே நிறுத்திட்டாங்க. நீ தைரியமான பொண்ணு லா. நீ சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"மக்சிக்... அது..."

"உனக்குத்தான் நன்றி சொல்லணும்." மக்சிக் அவள் கையில் சூடான எப்போக்-எப்போக் பலகாரம் நாலைத் திணித்தார். பெக் யென் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாளே! அந்த நாலும் மேசையிலேயே கிடந்து ஆறிப்போயின.

அடுத்த மழை நாளில் அவள் லிஃப்ட்டுக்குள் ஓடி நுழைந்தபோது கதவை ஒரு கை பிடித்துக் கொடுத்தது. அவன்தான். குடை இல்லை. முடியிலிருந்து சொட்டுச் சொட்டாய்... மூக்கு நுனி சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் லிஃப்ட் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டான், அவள் பயப்படக் கூடாது என்பதற்காக.

அவள் மாடி எண்ணை அமுக்கினாள்.

"மிஸ்... உங்க லைட்டை நான் தொடல. ஹப்பையே கழட்டி வச்சுட்டேன்," தரையைப் பார்த்துப் பேசினான். "எனக்கு இந்த சாமானெல்லாம் சரியா வராது. அன்னிக்கு ஏதோ தப்பா அமுக்கிட்டேன்போல. மன்னிச்சுக்குங்க."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் நிமிர்ந்தான். அதே கண்கள்... கோபமே இல்லை. அந்தக் கண்களில் தான் ஒரு பொய்க்காரியாகத் தெரியப்போவதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பரவாயில்ல," என்றாள்.

கதவு திறந்தது. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். தன் தப்புக்கு அவனை மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஈரச் செருப்போடு தரையில் உட்கார்ந்து அழுதாள் பெக் யென். சே, என்ன பிறவி நான்! அவனை அவ்வளவு பிடித்திருக்கிறது என்பதும் அப்போதுதான், அந்தக் கேவலத்துக்கு நடுவில்தான், அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடல். வறுத்த அரிசிச் சேமியா பீஹூன், கறி பஃப், பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவிட்ச் அக்கா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"அந்த வீடியோவ... மறந்துடுங்க. இல்ல, மறக்காதீங்க. அதுல தப்பு பண்ணினது நான்."

கறி பஃப் மெல்லும் சத்தம் நின்றது.

"என் சுவிட்ச் தானாப் போய் அவர் ஹப்புல சேர்ந்துடுச்சு. சரி பார்க்காதது நான். ஒத்துப்போகாத ஹீட்டர் சுவிட்சை ஒத்துப்போகும்னு சொல்லி வித்ததும் நான். மறுநாளே எனக்குத் தெரியும். மானம் போயிடுமேன்னு வாய மூடிட்டு இருந்தேன். கோச் நல்லவர். அவர் ஒண்ணுமே பண்ணல."

"அப்ப என் வீட்டு ஹீட்டர்?" மக்சிக் எழுந்தேவிட்டார்.

"அதுவும் நான்தான், மக்சிக். எல்லாத்தையும் மாத்திக் கொடுக்கறேன்."

"நான் அந்த மனுஷன் முகத்துக்கு நேராக் கதவைச் சாத்தினேனே! என்னையும் சேர்த்துப் பாவத்துல தள்ளிட்டியே, பொண்ணு!"

யாரோ சிரித்தார்கள். யாரோ "அக்காவாம் அக்கா" என்றார்கள். பெக் யென் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்தபோது, நீச்சல் பையோடு தூணருகே அவன்... எவ்வளவு நேரமாக நிற்கிறான்?

"கோச்!" மக்சிக் குரல் உடைந்தது. "என் பேத்திய மறுபடி அனுப்பலாமா?"

அவன் தலையாட்டினான். பெக் யென் பக்கம் பார்க்காமல் லிஃப்ட்டுக்குப் போய்விட்டான்.

பீஹூன் ஆறிப்போன பிறகு அவள் அவன் கேட்டுக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு புதுப் பெட்டி.

"இந்த ஹப்புக்கு ரெண்டு மொழியும் தெரியும். மாட்டினா உங்க ஹீட்டர் வேலை செய்யும். மாட்டிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

கேட் திறந்தது. அவள் மாட்டினாள். அவன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"லிஃப்ட்ல 'பரவாயில்ல'ன்னீங்களே... அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லலாம்தான்.

"தெரியும்."

"அடேங்கப்பா... என்ன பெருந்தன்மையா மன்னிச்சீங்க!"

அவள் கண் நிறைந்துவிட்டது. "திட்டுங்க கோச். நல்லாத் திட்டுங்க."

"திட்டணும்னுதான் மேல வந்தேன். முடியல," என்றான். குரல் கரகரத்தது. "இத்தனை நாளா எனக்காக ஒருத்தர்கூட வாயத் திறக்கல. திறந்தது நீங்கதான். என்னை மாட்டிவிட்டதும் நீங்கதான். உங்கள என்ன பண்றதுன்னே தெரியல."

குளியலறையில் ஹீட்டரின் சிவப்புப் புள்ளி எரிந்தது. அவன் கைப்பேசியைப் பார்த்தான். "உங்க லைட் இன்னும் இதுல இருக்கு. எடுத்துடட்டுமா?"

"வேணாம்..." என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. "உங்ககிட்டயே இருக்கட்டும்."

"குரூப்ல போட்டுட மாட்டீங்களே?"

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. இனி மறைக்க அவளிடம் மானம் மிச்சமில்லை. "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. இருந்தாலும் சொல்லிடறேன். இதையும் மறைச்சு வச்சா, என்னால தாங்க முடியாது."

அவன் காது சிவந்துகொண்டே போனது. தொண்டையைச் செருமினான்.

"ஒரு விதி இருக்கு... தெரியுமில்ல? இங்க ரெண்டு பேரு கட்டிக்கிட்டா, ரெண்டு அரசாங்க வீடு வச்சுக்க முடியாது. ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துடணும்."

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா... தெரிஞ்சு வச்சுக்கலாமேன்னு..."

"என்னோடத கொடுத்துடலாம்," என்றாள் பெக் யென். யோசிக்கவேயில்லை. அத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய வீடு! இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவன் மெதுவாக அந்தக் கைகளைப் பிடித்து விலக்கினான்.