நான்காம் நாள் ஐஸ்

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழைக்கு நேரம் காலமே கிடையாது. ஃப்ளோரன்ஸ் பஸ்ஸிலிருந்து இறங்கவும் அது கொட்டவும் சரியாக இருந்தது. காசிமேட்டு ஐஸ் கம்பெனி வாசலுக்கு ஓடினாள்... வழுக்கினாள்... ஐஸ் பார் இழுத்து வந்தவன் மேலேயே போய் மோதினாள். கையிலிருந்த பிளாஸ்க் சளீரென்று உடைந்தது.

"இன்னாம்மா, கண்ணு எங்க கீது?"

கேட்டுவிட்டு அந்தக் கண்களைப் பார்த்தான். பாவம், ஐஸ் பாரையே மறந்துவிட்டான்!

அவளுக்கோ அழுகை முட்டியது. காலையில் ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட்டுவிட்டது. பிளாஸ்க்கில் இருந்தது ஒரு நொதி. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை இன்னொன்றுக்குள் புகுத்தி வெளிநாட்டில் தயாரித்தது. செல்லுக்குள் சேதி கொண்டுபோகும் ஆர்.என்.ஏ. எப்படி அறுபட்டு அழிகிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதம் காத்திருந்து வந்த சுண்டுவிரல் அளவுக் குழாய்... குளிர் போனால் அவள் ஆராய்ச்சியும் போச்சு.

"ஐயே, அழுவாதம்மே!"

பரசுராமன், அதுதான் அவன் பெயர், மீன் பெட்டியில் ஐஸை உடைத்துக் கொட்டி உப்பை அள்ளித் தூவினான்.

"உப்பு போட்டா இன்னும் ஜில்லுனு ஆவும். குல்பிக்காரன் வேலை!"

மூடி தளர்ந்து தரையில் கிடந்த குழாயை எடுக்கக் குனிந்தான்.

"தொடாதீங்க!"

அலறியே விட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"சரிதான்... கலீஜ் கையி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

கையுறை மாட்டிக் குழாயை எடுத்தாள். ஐயோ, என்ன நினைத்துக்கொண்டான்!

அடுத்த இரண்டு நாளும் ஐஸ் மாற்ற வந்தாள். உப்பு தூவிய பெட்டி வாசலில் தயாராக இருந்தது... அவன் மட்டும் இல்லை. எத்தனை ரோஷம்! ஆனால் ஐஸ் ஒரு பிடி குறையவில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

நான்காம் நாள் உள்ளேயே போய் அவனை மறித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு ராயபுரத்துப் பேச்சு தானாக வந்துவிடும்.

"உறை போடாம என் கையையே நான் வுட மாட்டேன், தெரியுமா? உடம்புக்குள்ள ஓடுற ஒரு சேதியத்தான் நான் ஆராயறேன். மனுஷன் வேர்வையிலயே அந்தச் சேதிய அறுக்கிற சரக்கு கீது. குழாயில கலந்துட்டா, எது அறுத்துச்சுன்னே தெரியாது. எங்க ப்ரொபசர் கை நீட்னாலும் கத்துவேன்!"

"நெஜமாவா?"

"மாதா மேல சத்தியமா!"

அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"வேலை முடிஞ்சா அந்தச் சேதி அழிஞ்சி பூடுமா?"

"அழிஞ்சாத்தான் நல்லது."

"தொடாதீங்கன்னு நீ சொன்னது மட்டும் இங்கயே குந்திகினு கீதே..." என்று நெஞ்சைக் காட்டினான்.

மீன் வாசம் வீசிய அந்தக் கையை அவள் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வெறுங்கைகள்... ஐஸைவிடச் சில்லிட்டிருந்தன.

"இப்போ?"

அவன் வெட்கத்தை மறைக்கப் பெட்டியைத் தேடினான். "பொட்டி எங்க? ஐஸ் போட்டுத் தரேன்..."

"ஃப்ரிட்ஜ் நேத்தே சரியாயிடுச்சுங்க," என்றாள் தலைகுனிந்து. "நான் இன்னிக்கி ஐஸுக்கு வரல..."